மூன்று மணி நேரச் சீட்டும் இணைச்சீர்க் கூடையும்

துடியலூரிலிருந்து சென்னிமலைக்குப் போனதைப் பயணம் என்று எழுதினால் சிரிப்பார்கள். பக்கத்து மாவட்டம். காலையில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய், சொந்தக்காரர்களுடன் ஒரு சண்டையும் போட்டுவிட்டு, விளக்கு வைக்க வீடு திரும்பிவிடலாம். எங்கள் குடும்பத்தில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கடல் தாண்டிப் போய் வந்ததையெல்லாம் எழுதாத நான், இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

என் மனைவி சரசுவுக்கு ஒரே தம்பி, சுப்பிரமணி. சென்னிமலையில் பெட்ஷீட் கடை வைத்திருக்கிறான். தலையில் முடி இருந்த காலத்தில் தொடங்கிய பெண் தேடல், முடியெல்லாம் போன பிறகு பாலக்காட்டில் வந்து முடிந்தது. பெண்ணுக்கும் இளவயது இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவருக்கும் பார்த்த உடனே பிடித்துப்போனதில் இரண்டு ஊர்க்காரர்களுக்குமே லேசான ஏமாற்றம். பேசிப் பேசித் தீர்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவள் உட்காருவாள். மறுநாள் மணப்பெண் கட்டப்போகிற கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவள் கையில், மறு தலைப்பு அவன் கையில். நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அக்கா தங்கைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து சொத்தில் பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய அண்ணன் தம்பிகளை எண்ணி மாளாது. கூடப்பிறந்தவளை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்த பிறகே கல்யாணம் என்று சொல்லும் சடங்கு இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. அதனாலேயே இதைக் கிண்டல் செய்வதில்லை.

சரசு போய்ச் சேரவில்லை என்றால் ஒன்றுவிட்ட தங்கை யாரையாவது உட்காரவைத்துச் சமாளிப்பார்கள். வழக்கம்தான். ஆனால் அவள் இந்தச் சேலையை ஊரெல்லாம் தேடி எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி, மூங்கில் கூடையில் வைத்துக் கட்டியதைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள்.

"தம்பி கல்யாணத்துக்கு நா உக்காராம வேற ஆராச்சு உக்காந்தா, அப்பறம் அந்த ஊட்டுப் பக்கமே போவமாட்டேனுங்க" என்றாள் முந்தின நாள். இதில் வேற யாராவது என்பவள் யாரென்று எனக்குத் தெரியும். அவளுடைய சித்தப்பா மகள். மூன்று கல்யாணங்களில் அழையாமலே உட்கார்ந்தவள்.

காரில் போயிருக்கலாமே என்பீர்கள். சரசுவுக்குக் கதவு மூடிய எந்த வண்டியும் ஆகாது. காரில் ஏறினால் பீளமேடு தாண்டுவதற்குள் வாந்தி. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் வாந்தி. ரயிலும், காற்றோட்டமான ஆட்டோவும்தான் அவளுக்கு ஒத்துக்கொண்ட வாகனங்கள். சென்னிமலைக்கு அருகில் ஈங்கூர் ஸ்டேஷன் இருக்கிறது. பாசஞ்சர் மட்டும் நிற்கும். ஆகவே பாசஞ்சர்.

முன்பதிவு இல்லாத சீட்டுக்கு ஆயுள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. குறுந்தூரச் சீட்டை வாங்கினால், மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும். அல்லது அந்த ஊருக்குப் போகும் முதல் வண்டி கிளம்பும் வரை. இரண்டில் எது பிந்தியதோ அதுவரைக்கும் சீட்டுக்கு உயிர். அதற்கு மேல் அது வெறும் தாள். கோவை ஜங்ஷனில் சீட்டை வாங்கிய கையோடு இதைச் சரசுவுக்கு விளக்கினேன்.

"வண்டி அரை மணி நேரத்துல வருதுங்க. மூணு மணி நேரத்த என்ன பண்ணறது, ஊறுகா போடறதா?" என்றாள்.

நடைமேடையில் எங்களுக்கு முன்பே பெண்ணின் தாய்மாமன் ராகவன் நின்றிருந்தார். பாலக்காட்டில் குடைக் கடை வைத்திருப்பவர். பெண் வீட்டார் முந்தின நாளே வேனில் போய்விட்டார்கள். கடையைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, எங்களோடு சேர்ந்து போவதற்காகக் கோவை வரை தனியாக வந்திருந்தார். வானத்தில் ஒரு மேகமில்லை. கையில் தொழில் பக்தியோடு ஒரு நீளக் குடை. அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். வாயைத் திறந்தால் மலையாளம் வரும். இனி அவர் பேசுவதெல்லாம் என் மொழிபெயர்ப்பு.

"உங்களைப் பார்த்ததும் பாதிக் கல்யாணம் முடிந்த நிம்மதி" என்றார்.

"வாங்க சம்மந்தி, வாங்க, நல்லாருக்கீங்ளா, அம்மா நல்லாருக்காங்ளா, ஊட்ல எல்லாரும் நல்லாருக்காங்ளா, சாப்ட்டீங்ளா?" என்று சரசு மூச்சுவிடாமல் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, எங்களைத் திருப்பிக் கேட்டு முடிப்பதற்குள் ஒலிபெருக்கி முந்திக்கொண்டது. ஈரோடு பாசஞ்சர் தாமதமாகப் புறப்படும். வருந்துகிறோம்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வருந்தினார்கள். மூன்றாவது முறை வருந்தியபோது வண்டியே ரத்தாகியிருந்தது. எங்கோ தண்டவாள வேலையாம். பின்னால் பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற இன்னொரு பாசஞ்சர் இருக்கிறது, அதுவும் தாமதம்.

நடைமேடை முழுக்க முணுமுணுப்பு. பக்கத்து பெஞ்சில் ஒருவர் தன் சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏனுங்க, வண்டி கேன்சலாயிப்போச்சு. இந்த டிக்கெட்டு செத்துப்போச்சுங்களா?"

"சாகலீங்க. ரத்தான வண்டி கெளம்புன வண்டியாகாது. இனி மொத வண்டி எது கெளம்புதோ, அதுவரைக்கும் உசுரு இருக்குமுங்க."

இதை நான் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. திருப்பூர் போகிறவர்கள், ஊத்துக்குளி போகிறவர்கள், எங்கே போவதென்றே முடிவு செய்யாதவர்கள் என்று என்னைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஒவ்வொருவரும் சீட்டை நீட்ட, நான் நாடி பிடித்துப் பார்த்து உயிர் இருக்கிறதென்று அறிவித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு மகிழ்ச்சியாக நான் இருந்ததில்லை.

மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது, குறிப்பிட்ட ஒரே ஒரு ரயிலில் மட்டும் செல்லும் சீட்டு ஒன்றை எடுத்துத் தந்தாள். அந்த ரயில் ரத்து. விதிகளை மனப்பாடம் செய்துகொண்டு ஊழியப் பெண்ணிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "அடுத்ததுல ஏறிக்கோ கண்ணு" என்கிற பொருளில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த ஊரிலும் முன்பின் தெரியாதவர்களைக் கண்ணு என்கிறார்கள். மற்றபடி எனக்குப் பெருத்த ஏமாற்றம். வாதாட விடாமலே உரிமையைக் கொடுத்துவிட்டால் படித்தவன் என்ன செய்வது?

சரசு தூக்குப் போசியைத் திறந்தாள். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், ஓரத்தில் வடகம். ராகவன் ஒரு பொட்டலம் உண்ணியப்பத்தை எடுத்து வைத்தார். "இந்தச் சோறு கிடைக்குமென்றால் ரயில் நாளைக்கு வரட்டும்" என்றார். சரசு உடனே மேற்கே வெயிலைப் பார்த்தாள். அவள் பார்த்ததைப் பார்த்த ராகவன், சொன்னதைத் திருப்பி விழுங்குவது போல ஒரு வாய் சோற்றை விழுங்கினார்.

அந்தப் பாசஞ்சர் ஒருவழியாக வந்தது. நிற்கும் நேரம் குறைவு என்று அறிவித்தார்கள். சரசு ஜன்னல் வழியாக உள்ளே ஓர் அம்மாவிடம், "ஏனுங் அம்மணி, இந்த இணைச்சீர்க் கூடைய வெச்சு எங்களுக்குச் சித்த எடம் புடிங்க" என்று கொடுத்தாள். அந்த அம்மா வாங்கிக்கொண்டார். இடம் கிடைத்துவிட்டது. நாங்கள் ஏற வேண்டியதுதான் பாக்கி.

கதவருகே ராகவன் குடையை இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். "மாப்பிள்ளையின் அக்கா முதலில்" என்றார்.

"ஐயோ, நீங்க விருந்தாளிங்க. மொதல்ல ஏறுங்க."

"முறையென்று ஒன்று இருக்கிறதல்லவா?"

"அதத்தானுங்க நானும் சொல்றேன். பொண்ணோட தாய்மாமன் பொறகால ஏறுனா நாளைக்கு எங்களத்தானுங்க பேசுவாங்க."

"அப்படியானால் சம்பந்தி ஏறட்டும்" என்று என்னைக் காட்டினார். நான் ஏறுவதா? இரண்டு பேரையும் கீழே நிறுத்திவிட்டு? "அதெப்படிங்க, நீங்க ஏறுங்க" என்றேன் நானும். எங்கள் மூவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் புகுந்து முக்கால்வாசி நடைமேடையும் ஏறிவிட்டது. என்னிடம் சீட்டுக்கு உயிர் பார்த்துக்கொண்டவர்கள் எல்லோரும் ஏறினார்கள். ஒருவர் கையாட்டினார். வண்டி நகர்ந்தது.

சரசு கைப்பிடியை நோக்கிப் பாய்ந்தாள். நான் அவள் கையையும் ராகவன் கையையும் இறுகப் பிடித்தேன். "ஓடுற வண்டீல ஏறக் கூடாது. குத்தம்."

கூடை மட்டும் சென்னிமலைக்குக் கிளம்பியது.

சரசு என்னைப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்கமாட்டேன். இதில் இன்னொன்று. முதல் வண்டி கிளம்பிவிட்டது. மூன்று மணி நேரமும் எப்போதோ கடந்துவிட்டது. சற்றுமுன் ஊருக்கெல்லாம் நான் சொன்ன விதிப்படி, அந்த நடைமேடையிலேயே செத்த சீட்டு வைத்திருந்தவர்கள் நாங்கள்தான்.

பக்கத்து மேடையில் ஓர் எக்ஸ்பிரஸ் புறப்படத் தயாராக நின்றது. ஈங்கூரில் நிற்காது, திருப்பூரில் நிற்கும். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. எக்ஸ்பிரஸ் பின்னால் வந்தால் பாசஞ்சரை வழியில் ஏதாவது ஸ்டேஷனில் ஓரங்கட்டி நிறுத்துவார்கள். எப்போதும் அப்படித்தான். எனவே இதில் போனால் திருப்பூருக்குக் கூடையை முந்திக்கொண்டு போய்விடலாம். ஆனால் புதுச் சீட்டு வாங்க வெளியே வரிசை வாசல் வரை நின்றது. ராகவன் செல்பேசியில் முயன்றார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏறுவதற்கு முன்னால் கார்டிடம் போய்ச் சொல்லி அனுமதி வாங்கலாம், அதற்கு விதி இருக்கிறது" என்று நான் தொடங்க, சரசு என் சட்டைக் காலரைப் பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஏனுங்க என்றல்லாமல் கூப்பிட்டறியாதவள். "விதியாமா விதி! கெளம்பு!" என்றாள். படிக்கட்டில் மறுபடியும் ஒதுங்கி நிற்கத் தயாரான ராகவனின் முதுகில் கையை வைத்து, "யோவ், ஏறுய்யா மேல!" என்று ஒரே தள்ளு. அவர் குடையோடு உள்ளே போய் விழுந்தார். எழுந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "இப்போதுதான் சொந்தக்காரர்களானோம்" என்றார்.

நாங்கள் ஏறியது முன்பதிவுப் பெட்டி. வண்டி வேகம் பிடித்ததும் நானே டிக்கெட் பரிசோதகரைத் தேடிக் கண்டுபிடித்தேன். நடுவயதுக்காரர், சோமனூர்ப் பக்கத்து ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"ஐயா, எங்க மூணு பேரு சீட்டும் செல்லாதுங்க."

அவர் நிமிர்ந்தார். "ஏனுங்க, ஓடி ஒளியறவங்களத்தான் பாத்துருக்கறேன். தேடி வந்து மாட்டறவர இப்பத்தானுங்க பாக்கறேன்."

"சாதாரண சீட்டுல எக்ஸ்பிரஸ் ஏறுனது ஒண்ணு. முன்பதிவுப் பெட்டி ரண்டு. மொத வண்டி போனதும் சீட்டு காலாவதி ஆயிருச்சு, அது மூணு."

"மூணு குத்தமுங்களா?"

"நாலாவதும் இருக்கோணுமுங்க. யோசிக்கறேன்."

"நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நா உக்காந்துக்கறேன்" என்று பக்கத்து இருக்கையில் சாய்ந்தார். சரசு குறுக்கே புகுந்து கூடை விவரத்தைச் சொன்னதும் எழுந்துவிட்டார். "இணைச்சீர்க் கூடைங்களா? அத மொதல்ல சொல்லாம இவரு என்னுங்க ஒண்ணு, ரண்டுன்னு எண்ணீட்டிருக்காரு!" ரசீதை எழுதிக்கொண்டே சொன்னார்: "நம்ம வண்டிக்கு வழிவிடறதுக்கு அத வஞ்சிபாளையத்துல ஓரங்கட்டிருப்பாங்க. எடது பக்கம் பாத்துட்டே இருங்க."

வஞ்சிபாளையம் வந்தது. எங்கள் வண்டி மெல்ல ஊர்ந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு ஜன்னலாகக் கடந்தோம். கொட்டாவி விடுகிறவர், சீட்டு விளையாடுகிறவர்கள், கடலைத் தோல். பிறகு மஞ்சள் துணி! கூடை ஒரு மடியில் இருந்தது. ஆனால் மடி வேறு. நாங்கள் கொடுத்த அம்மா இல்லை.

"அம்மணீ! அது எங்க கூடைங்க!" என்று சரசு கதவிலிருந்து கத்தினாள். "திருப்பூர்ல வந்து ஏறிக்கறோமுங்க! உட்ராதீங்க!"

ராகவன் குடையைப் படக்கென்று விரித்து வெளியே ஆட்டினார். ஓடும் ரயிலில் தலையை வெளியே நீட்டக் கூடாது. நானும் நீட்டினேன். "கூடை! கூடை!" என்று கத்தினேன். எங்களுக்குப் பின்னால் நின்ற பரிசோதகரும் கத்தினார்.

அந்தப் பெண்மணி கூடையை உயர்த்திக் காட்டி ஏதோ சொன்னார். காற்றில் பாதிதான் வந்தது. "... சட்டம் பேசுனவருங்களா?"

திருப்பூரில் இறங்கியதும் முதல் காரியமாகப் புதுச் சீட்டு வாங்கினேன். சூடாக, உயிரோடு, என் கையில் மூன்று சீட்டுகள். பாசஞ்சர் வந்து நின்றபோது யாரும் யாரையும் முதலில் ஏறச் சொல்லவில்லை. ராகவன் ஒரு முழங்கையைக்கூடப் பயன்படுத்தினார்.

உள்ளே கூடைக்கு ராஜ மரியாதை நடந்திருந்தது. வாங்கி வைத்த அம்மா சோமனூரில் இறங்கும்போது அடுத்தவரிடம் ஒப்படைத்திருக்கிறார். கூறைச்சேலையைக் கீழே வைக்கலாமோ கூடாதோ என்று தெரியாமல் மடிக்கு மடி மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். "இணைச்சீர்க் கூடைங்களாமா, ஒரு ஐயா சட்டம் பேசீட்டே பிளாட்பாரத்துல நின்னுபோட்டாரு, எப்படியும் வருவாங்கன்னு சொல்லீட்டுத்தான் எறங்குனாங்க" என்றார் கடைசி மடிக்குரியவர். பெட்டி மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் ஊத்துக்குளி வரும் வரை ஜன்னலுக்கு வெளியே தென்னை மரங்களை ஆராய்ந்தேன்.

ஈங்கூரில் இறங்கியபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. ஆட்டோவில் மூவரும், நடுவில் கூடையும். சென்னிமலைத் தெருக்களில் தறிச் சத்தம் இரண்டு பக்கமும் கூட வந்தது. சரசு கூடையை இறுக்கி அணைத்துக்கொண்டு, டிரைவரின் தோளுக்கு மேலே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. "போச்சுங்க" என்றாள் ஒரே ஒரு முறை, எனக்கு மட்டும் கேட்கும்படி. வேகத்துக்கும் விதி உண்டு; டிரைவரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

பந்தலுக்குள் நுழைந்தோம். விளக்கு ஏற்றியாகிவிட்டது. மணையில் சுப்பிரமணி உட்கார்ந்திருந்தான். மாலை, தலைப்பாகை, முகத்தில் கடுகடுப்பு. அவனுக்குப் பக்கத்து மணையில் ஆள் இல்லை. ஒரு துண்டு போடப்பட்டிருந்தது. பஸ்ஸில் இடம் பிடிப்பது போல அவனே தன் தோள் துண்டை எடுத்துப் போட்டிருக்கிறான். சித்தப்பா மகள் பட்டுச்சேலையில் சற்றுத் தள்ளி நின்று, மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன சொல்லீட்டமுங்க" என்றார் அருமைக்காரர். கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் பெரியவர் அவர். "நல்ல நேரம் போவுது, தங்கச்சி மொறைல ஆராச்சு உக்காரட்டும்னா, துண்ட எடுக்க உடமாட்டீங்கறாருங்க."

"அக்கா வர்றேன்னு சொன்னா வருமுங்க" என்றான் சுப்பிரமணி, யாரையும் பார்க்காமல். பிறகுதான் அவளைப் பார்த்தான்.

நான் அருமைக்காரரிடம் நெருங்கி, நல்ல நேரம் எதுவரைக்கும் என்று கேட்டேன். பழக்கம். அவர் பஞ்சாங்கத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இப்பத்தானுங்க ஆரம்பம்" என்றார்.

சரசு துண்டை எடுத்துத் தம்பியின் தோளில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மேளக்காரர்கள் காத்திருந்த எரிச்சலையெல்லாம் மேளத்தில் காட்டினார்கள். கூடை அவிழ்ந்தது. அரக்குச் சிவப்பில் கூறைச்சேலை விரிந்தபோது பாலக்காட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு தலைப்பு அக்காவிடம், மறு தலைப்பு தம்பியிடம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். ராகவன் மூக்கை உறிஞ்சிவிட்டு, புகை என்றார்.

சீர் முடிந்தது. அட்சதை போட்டாயிற்று. சரசு தன் தலைப்பை மடித்துக் கொடுத்துவிட்டு எழப் பார்த்தாள். சுப்பிரமணி தன்னுடையதை விடவில்லை.

"உடு கண்ணு, முடிஞ்சுபோச்சு."

"இருக்கட்டுங்க்கா."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுங்க்கா."

பந்தலில் ஒருவர் சிரிக்க, அடுத்தவர் சிரிக்க, மேளக்காரரும் கோலை வைத்துவிட்டுச் சிரித்தார். சரசு சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாப்பிள்ளை மட்டும் அசையவில்லை. பெட்ஷீட் கடைக்காரனின் பிடி. துணியைப் பிடித்தால் விடமாட்டார்கள். கடைசியில் அருமைக்காரர் குனிந்து, அவன் காதருகில், ஆனால் பந்தலுக்கே கேட்கும்படி சொன்னார்:

"மாப்பிள்ள, சித்த உடுங்க. அந்தச் சேலைய நாளைக்குப் பொண்ணு கட்டோணுமுங்க."